ஐந்தாம் மாடியில் கேக் வெட்டுகிறார்கள்

லிஃப்ட் மெக்கானிக் ஓய்வு பெற்று, முப்பத்தேழு வருடச் சேமிப்பை அப்படியே அள்ளிக் காப்பீட்டுக் கம்பெனியின் கையில் கொடுத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பத்தொன்பது நாளும் மனிதர் நிம்மதியாக இருந்தார். பத்திரம் தபாலில் வந்தபோது உறையைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினார். பத்திரம் என்றால் பூட்டி வைக்க வேண்டியது, படிக்க வேண்டியது அல்ல என்பது அவர் கொள்கை. இந்தக் கொள்கையை நம்பித்தான் பல கம்பெனிகள் பல மாடிக் கட்டடங்களைக் கட்டியிருக்கின்றன.

அவர் மனைவி வேறு ரகம். துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை பார்க்கிறவள். சட்டைக் காலருக்கு அடியில் தைத்திருக்கும் சலவைக் குறிப்பை முழுதாகப் படித்துவிட்டுத்தான் கத்தரிக்கோலைக் கையில் எடுப்பாள். இருபதாம் நாள் மத்தியானம் தையல் மெஷினின் ரசீதைத் தேடிப் பீரோவைத் திறந்தவள், அந்த உறையைப் பிரித்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, மூக்குக்கண்ணாடி போதாதென்று பூதக்கண்ணாடியும் பிடித்துக்கொண்டு, நாற்பத்திரண்டு பக்கத்தையும் படித்து முடித்தாள்.

"ஏங்க, சாகுற வரைக்கும் மாசா மாசம் வரும்னுதானே அந்தத் தம்பி சொன்னான்?"

"ஆமா, அதுக்கென்ன?"

"யாரு சாகுற வரைக்கும்?"

மெக்கானிக் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் விரல் வைத்திருந்த வரியைப் படித்தார். வாடிக்கையாளர் மரணமடையும் நாளுடன் வருமானம் நின்றுவிடும் என்றும், செலுத்திய தொகை யாருக்கும் திரும்பத் தரப்படாது என்றும், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் அச்சடித்திருந்தது. நாற்பத்திரண்டு பக்கத்திலும் அவள் பெயர் எங்கேயும் இல்லை.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு இடது கண்ணில் பார்வை மங்க ஆரம்பித்து, ஊசியில் நூல் கோக்கவே அவரைக் கூப்பிடுகிற நிலைமை. நாளைக்கே அவர் கண்ணை மூடினால் அடுத்த மாதத்திலிருந்து அவளுக்கு ஒன்றுமில்லை. மெக்கானிக், பாலிசி விற்ற டை கட்டிய தம்பிக்கு உடனே போன் போட்டார்.

"சார், அதுலதானே மாசம் ஜாஸ்தி வருது! நீங்கதானே சார் ஜாஸ்தி எதுன்னு கேட்டீங்க?"

"நான் போனதுக்கு அப்புறம் இவளுக்கு என்னப்பா வழி?"

"ஏன் சார் இப்படி மனசைத் தளர விடறீங்க? நீங்க போக மாட்டீங்க சார்!" என்றான் தம்பி, உண்மையான பாசத்தோடு. "அப்படியும் மாத்தணும்னா பணம் கட்டின முப்பது நாளுக்குள்ள ஹெட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து மாத்திக்கலாம். 'கூட்டு ஜீவன்'னு ஒரு திட்டம் இருக்கு, உங்களுக்கப்புறம் அம்மாவுக்கும் வரும். நான் இப்போ கார் இன்ஷூரன்ஸுக்கு மாறிட்டேன் சார். உங்ககிட்ட கார் இருக்கா?"

ஹெட் ஆபீஸ் கட்டடம் மெக்கானிக்குக்குப் புதிதல்ல. அங்கிருந்த மூன்று லிஃப்டுகளையும் பதினோரு வருடம் அவர்தான் பராமரித்தார். மூன்றாம் நம்பர் லிஃப்ட் ஐந்தாம் மாடியில் மட்டும் தரைக்கு ஒரு அங்குலம் கீழே நிற்கும். பிரேக்கை மாற்றச் சொல்லி அவர் எழுதிய கடிதங்களைக் கம்பெனி பத்திரமாக ஃபைல் செய்து வைத்திருந்தது. அந்த மாடியில் வேலை செய்கிறவர்கள் தினமும் இடறி, தினமும் தரையைத் திட்டிக்கொண்டே போவார்கள்.

மறுநாள் காலை அவர் போனபோது கீழ்த்தளத்தில் டோக்கன் மெஷின் ஒன்று வைத்திருந்தார்கள். "தாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்று அது கேட்டது. கீழே ஒரே பொத்தான்தான் இருந்தது, "ஆம்". மெக்கானிக் அதை அழுத்திய பிறகுதான் டோக்கன் வந்தது. வரவேற்பு மேஜைப் பெண்மணி அவரை "எங்கள் பொக்கிஷமே" என்று அழைத்து உட்கார வைத்தாள்.

"திட்டம் மாத்தணுமா சார்? அஞ்சாம் மாடி, வாழ்நாள் வருமானப் பிரிவு. அதுக்கு முன்னாடி ஒரு படம் பார்க்கணும். பதினெட்டு நிமிஷம்தான்."

படத்தில் கம்பெனித் தலைவர் ஒரு தோட்டத்தில் நடந்து வந்தார். ரோஜாவை முகர்ந்தார். "நீங்கள் நூறாண்டு வாழ வேண்டும். அதுவே எங்கள் கனவு, அதுவே எங்கள் மூச்சு" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அவர் கண்ணில் நீர் துளிர்த்தது. தனக்காக ஒருவர் இத்தனை கவலைப்படுகிறாரே என்று மெக்கானிக்குக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

ஐந்தாம் மாடியில் லிஃப்ட் நின்றதும் பழக்கத்தில் காலை ஒரு அங்குலம் தூக்கி வைத்து வெளியே வந்தார். வந்த அதே சமயம், சுவரில் தொங்கிய பித்தளை மணியை யாரோ மூன்று முறை அடித்தார்கள். நாற்பது பேர் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினார்கள். கேக் வெட்டப்பட்டது. வந்தவர் யார், எதற்கு வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. காகிதத் தட்டில் ஒரு துண்டை வைத்து அவர் கையில் திணித்தார்கள். காலையில் சாப்பிடாமல் வந்தவர், மரியாதைக்கு மறுக்காமல் தின்றார். வெண்ணிலா. நன்றாகவே இருந்தது.

"யாருக்குங்க பொறந்த நாள்?" என்று பக்கத்தில் நின்ற பிரிவு அதிகாரியைக் கேட்டார்.

அதிகாரி உடம்பு குலுங்கச் சிரித்தார். நல்ல தடித்த மனிதர். மீசையில் கிரீம் ஒட்டியிருந்தது. "பொறந்த நாளா! வாடிக்கையாளர் பொறந்த நாளுக்கெல்லாம் கேக் வெட்டினா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான் சார். இது 'நிறைவு'. ஒரு பெரியவர், எண்பத்தோரு வயசு. இன்னிக்குக் காலையில நிறைவாயிட்டார்."

"நிறைவாயிட்டார்னா?"

"அதான் சார்." அதிகாரி கட்டைவிரலால் மேலே காட்டினார். "நாங்க அவருக்குப் போட்டது எழுபத்தெட்டு. மூணு வருஷம் எங்களை வாட்டி எடுத்துட்டார். போனவங்களைப் பத்தித் தப்பாப் பேசக் கூடாது. ஆனா அந்த மனுஷனுக்குக் கொஞ்சம்கூடப் பொறுப்பு இல்லை சார். மாசம் பொறந்தா டாண்ணு வாங்கிக்கிட்டே இருந்தார்."

மெக்கானிக் தட்டைப் பார்த்தார். தட்டு காலியாக இருந்தது. முகம் தெரியாத ஒரு மனிதரின் சாவைத் தின்று முடித்துவிட்டு, போதாததற்கு விரலையும் நக்கியிருந்தார். கழிப்பறை எங்கே என்று அவர் யாரையும் கேட்கவில்லை, கட்டடம் தெரிந்தவர். போய்த் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்து, வாயைக் கொப்பளித்து, மறுபடி கொப்பளித்துவிட்டு வந்தார். வாயில் வெண்ணிலா வாசனை மட்டும் போகவில்லை.

அதற்குள் அதிகாரி தன் மேஜைக்கு அருகே ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார். எதிர்ச் சுவர் முழுக்க ஒரு பெரிய அட்டவணை. பாலிசி எண், தேதி, எடை என்று மூன்று கட்டங்கள். வரிசை வரிசையாகத் தேதிகள், எல்லாம் இனி வரப்போகிற தேதிகள். பக்கத்தில் அரை கிலோ, ஒரு கிலோ, முட்டை இல்லாதது என்று குறிப்பு.

"இனிப்பு அட்டவணை" என்றார் அதிகாரி பெருமையாக. "இவ்வளவு நாளும் ஆள் போன பிறகுதான் கேக் வாங்கினோம். அவசர ஆர்டர்னு பேக்கரிக்காரன் விலையை ஏத்திடறான். நம்ம கொள்முதல் கமிட்டி ஆறு மாசம் உக்காந்து யோசிச்சு, அஞ்சு வருஷத்துக்கு மொத்தமா ஒப்பந்தம் போட்டுட்டாங்க. தேதியை முன்னாடியே குடுத்துட்டா பதினஞ்சு சதவீதம் தள்ளுபடி. எல்லாம் உங்க பணம் சார், வீணாக்க எங்களுக்கு மனசு வருமா?"

"தேதி எப்படிங்க முன்னாடியே தெரியும்?"

"அதுக்குத்தானே ஏழாம் மாடி இருக்கு. நீங்களும் அங்கதான் போகணும். உங்க மனைவியைச் சேர்க்கணும்னா அவங்க எவ்வளவு நாள் இருப்பாங்கன்னு அங்க பார்த்துச் சொல்லணும்."

ஏழாம் மாடியில் ஆயுள் கணிப்பாளர் இருந்தார். மூன்று கம்ப்யூட்டர் திரைகளுக்குப் பின்னால் ஒடுங்கிப்போன மனிதர். எதிரில் நிற்கிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார், பார்த்தால் கணக்கு தப்பிவிடும் என்பது அவர் எண்ணம். மெக்கானிக்கின் எண்ணைத் தட்டியதும் முகம் மலர்ந்தது, அதுவும் திரையைப் பார்த்துத்தான்.

"எழுபத்திமூணு வருஷம், நாலு மாசம். பிரமாதம் சார்! முப்பத்தேழு வருஷம் கிரீஸ், தூசி, லிஃப்ட் குழி. ரெண்டு தடவை கீழ விழுந்திருக்கீங்க. உங்களை மாதிரி உழைச்சவங்களாலதான் சார் இந்தக் கம்பெனி ஓடுது."

"என் மனைவியைச் சேர்க்கணும்."

கணிப்பாளர் முகம் வாடியது. "பொம்பளைங்கன்னாலே பிரச்சினைதான் சார். நீங்க கரெக்டா எழுபத்திமூணுல முடிச்சுடறீங்க. அவங்க அதுக்கப்புறமும் பத்து, பதினஞ்சு வருஷம் அநாவசியமா இருப்பாங்க. எல்லாரும் நீண்ட ஆயுள் நல்லதுன்னு நினைக்கிறாங்க. அது ஒரு அபாயம் சார். வெள்ளம், தீ மாதிரி. வெள்ளம் வந்தா வடிஞ்சுடும். கிழவிங்க வடிய மாட்டாங்க."

மெக்கானிக் கதவுப் பக்கம் திரும்பினார். ஆனால் அவருக்கு அந்தக் கையெழுத்து வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, என்ன செய்ய வேண்டும் என்று பணிவாகக் கேட்டார். அப்படிப் பணிவாகக் கேட்டதற்காகத் தன்னையே அவர் பல நாள் மன்னிக்கவில்லை.

"இருபத்தொம்பதாம் நாள் அவங்களைக் கூட்டிட்டு வாங்க. நீண்ட ஆயுள் அபாய நேர்காணல். தொண்ணூறைத் தாண்டுவாங்கன்னு சந்தேகம் வந்தாலே நிராகரிச்சுடுவோம்."

ஐந்தாம் மாடி நேர்காணல் அறையில் மெத்தை போட்ட நாற்காலிகள். பிரிவு அதிகாரி, ஆயுள் கணிப்பாளர், கம்பெனி டாக்டர் என்று மூவர் உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக்கின் மனைவி ஐந்து மாடியும் படியேறியே வந்தாள், அவளுக்கு லிஃப்ட் பிடிக்காது. இதுவே முதல் கோணல்.

"படியிலயா வந்தீங்க?" டாக்டர் கவலையோடு கேட்டார். "மூச்சு வாங்கலையா?"

"இல்லையே. கடைக்குத் தினமும் நடந்துதான் போறேன்."

டாக்டர் பெருமூச்சோடு குறித்துக்கொண்டார். சர்க்கரை உண்டா என்றால் இல்லை. ரத்த அழுத்தம் இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் அதிகாரி உச்சுக் கொட்டினார். கடைசியில் கணிப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"உங்க அம்மா எந்த வயசுல தவறினாங்கம்மா?"

"அம்மா நல்லாத்தானே இருக்காங்க. தொண்ணூத்திநாலு ஆகுது. போன வாரம்கூட அண்ணியோட சண்டை போட்டாங்க."

மூவரும் தலை குனிந்தார்கள். "எங்க ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார் அதிகாரி, கரகரத்த குரலில். டாக்டர் மேஜையிலிருந்த தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். கணிப்பாளர் மட்டும் கடமை தவறாமல் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

அவள் அந்தப் பேனாவைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். கையைப் பிசைந்துகொண்டு, நாற்காலியின் நுனியில், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார் மனிதர். அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு இருமினாள்.

முதல் இருமல் சாதாரணமாகத்தான் இருந்தது. இரண்டாவது அடிவயிற்றிலிருந்து வந்தது. மூன்றாவதில் அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். நான்காவதில் மெக்கானிக்கே பயந்து எழுந்துவிட்டார். அவள் ஓரக்கண்ணால் அவரை உட்காரச் சொன்னாள்.

மூன்று முகங்களிலும் விளக்கேற்றியது போல வெளிச்சம் வந்தது. "எத்தனை நாளா மேடம் இது?" டாக்டரின் குரலில் பரவசம்.

"அது கிடக்குது, ஆறு மாசமா. துணிப் பஞ்சு நெஞ்சுல போய் அடைச்சிருக்கும்போல."

"பஞ்சு!" என்றார் கணிப்பாளர், சிவப்புப் பேனாவை மூடி நீலப் பேனாவைத் திறந்து. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம். எவ்வளவு மனசு கஷ்டப்பட்டுப் போனோம் தெரியுமா?"

மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. நாக்கில் சனி. "டெஸ்ட் எதுவும் எடுக்க வேண்டாமா?" என்று கேட்டுவிட்டார். மனைவி மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

"நல்லா இருக்கேன்னு சொல்றவங்களைத்தான் சார் நாங்க டெஸ்ட் பண்ணுவோம்" என்றார் டாக்டர். "அவங்கதான் ஏமாத்துவாங்க. நோயாளி சொன்னா நாங்க அப்படியே நம்பிடுவோம். வாடிக்கையாளர் மேல நம்பிக்கை இல்லாம இந்தத் தொழில் நடக்குமா?"

கூட்டு ஜீவன் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அவளுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. கணிப்பாளர் அறுபத்திரண்டு என்று போட்டார். அதிகாரி கையோடு எழுந்து போய் அட்டவணையில் ஒரு புதிய வரி எழுதினார். நான்கு வருடம் கழித்து, ஜூன் பதினேழு. கால் கிலோ.

"ஏன் கால் கிலோ?" என்று கேட்டாள் அவள். எதையும் முழுதாகப் படிக்கிறவள் அல்லவா.

"நீங்க போனாலும் சார் இருப்பாரே மேடம். ரெண்டு ஜீவன்ல ஒண்ணு குறைஞ்சா கால் கிலோதான். விதி."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மெக்கானிக்குக்கு அதே நினைப்பு. தனக்குப் பிறகு இவள் சாப்பிட வேண்டும் என்று கேட்கப் போன இடத்தில், இவள் சாகப் போகிறாள் என்று பொய் சொல்லித்தான் அதை வாங்க வேண்டியிருந்தது. காரித் துப்ப வேண்டும் போலிருந்தது. யார் மேல் துப்புவது என்று தெரியவில்லை, கம்பெனி பதினான்கு மாடி உயரம்.

"என்ன உம்முனு வரீங்க?" என்றாள் அவள். "இருமல் எப்படி இருந்துச்சு?"

"நிஜம் மாதிரியே இருந்துச்சு. அதான் பயமா இருக்கு."

"போங்க. இதெல்லாம் ஒரு இருமலா? எங்க அம்மா இருமினா தெருவே திரும்பிப் பார்க்கும்."

அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியிலிருந்து போன் வந்தது. "அம்மாவுக்கு இருமல் எப்படி சார் இருக்கு?" என்று கனிவான குரல் கேட்கும். "அப்படியேதான் இருக்கு" என்பார் மெக்கானிக். "ரொம்ப சந்தோஷம் சார், கவனமாப் பார்த்துக்கங்க" என்று குரல் விடைபெறும். ஒவ்வொரு முறையும் போனை வைத்துவிட்டுப் போய் வாயைக் கொப்பளிப்பார். நடுவில் அவளுக்கு ஒரு வாரம் சளி பிடித்தபோது மட்டும் அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. காலண்டரில் ஜூன் மாதத்துத் தாள்களையெல்லாம் முன்கூட்டியே கிழித்துப் போட்டுவிட்டார்.

நான்கு வருடம் கழித்து ஜூன் பதினேழு காலையில் அவள் குளித்து, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"கிளம்புங்க. இன்னிக்கு என் கேக்."

"உனக்குப் பைத்தியமா? அங்க போய் என்ன பண்ணப் போற?"

"நாலு வருஷமா நீங்க என் முகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. எனக்குத் தெரியாதா? நான் நல்லா இருக்கேன்னு அங்க போய் நின்னு பார்த்துட்டு வந்தாத்தான் உங்களுக்குச் சோறு இறங்கும். எழுந்திருங்க."

அவர் லிஃப்டில் போனார், அவள் படியில் வந்தாள். இருவரும் ஐந்தாம் மாடிக்குள் நுழைந்தபோது கேக்கில் பாதி தீர்ந்திருந்தது. மணி அப்போதுதான் அடித்து ஓய்ந்து லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பிரிவு அதிகாரி வாய் நிறைய அடைத்துக்கொண்டு திரும்பினார். நான்கு வருடத்தில் இன்னும் தடித்திருந்தார், மீசை நரைத்திருந்தது. அவளை அடையாளம் கண்டதும் மெல்லுவதை நிறுத்தினார்.

"மேடம்! நீங்க இப்போதான் நிறைவானீங்க."

"அப்படியா? எனக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கலையே?"

நடந்தது இதுதான். முன்பெல்லாம் ஆள் போவார், கேக் வரும், மணி அடிக்கும், பதிவேட்டில் முடித்து வைப்பார்கள். தள்ளுபடி ஒப்பந்தம் வந்த பிறகு கேக் முதலில் வந்தது. கேக் வந்துவிட்டால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துவிட்டால் பதிவேட்டில் முடிக்க வேண்டும். ஆள் போனாரா என்று பார்க்கும் வேலை எந்தப் பிரிவுக்கும் ஒதுக்கப்படவில்லை. அவள் பாலிசியில் இறந்துபோய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. மெக்கானிக்குக்குப் பிறகு அவளுக்கு இனி ஒன்றும் கிடையாது.

"அதான் இவ உயிரோட முன்னாடி நிக்கிறாளே!" மெக்கானிக் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆபீசுக்குள் கத்தினார். "அதை அடிச்சுட்டு எழுதுங்கய்யா!"

"கத்தாதீங்க சார். எழுதிக் குடுங்க, பரிசீலிப்போம்." அதிகாரி குரலைத் தாழ்த்தி, அனுசரணையாகச் சொன்னார். "நூத்துக்கு எண்பது பேர் எங்க தேதிக்கு முன்னப்பின்ன சரியாப் போயிடறாங்க. மீதி இருபது பேர்தான் இந்த மாதிரி எழுதிக் கேப்பாங்க. நாங்களும் மனிதாபிமானத்தோட எல்லாத்துக்கும் பதில் போடறோம். பதில் போய்ச் சேர்றதுக்குள்ள பெரும்பாலும் அவங்களும் சரியாயிடறாங்க. இதுவரைக்கும் ஒரு புகார்கூட நிலுவையில இல்லை சார்."

மெக்கானிக் அந்த மீசையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓங்கி அறைய வேண்டும் என்று கை துடித்தது. அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து மணிக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பேண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடையில் கொடுத்திருந்த ஆல்டரேஷன் வேலை.

"நீங்க வீட்டுக்குப் போங்க. நான் அஞ்சு மணிக்கு வரேன்" என்றாள். "ஊசியில மட்டும் நூலைக் கோத்துக் குடுத்துட்டுப் போங்க."

காவலாளியைக் கூப்பிட்டார்கள். யாரை வெளியே அனுப்ப வேண்டும் என்று காவலாளி கேட்டான். வெளியேற்றப் படிவத்தில் வாடிக்கையாளர் எண் எழுத வேண்டும், அந்த எண் முடிக்கப்பட்டுவிட்டது. பதிவேட்டின்படி அந்த நாற்காலியில் யாரும் இல்லை. விதியை மீற அங்கே யாருக்கும் தைரியம் இல்லாததால் அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

மறுநாளும் அவள் வந்து உட்கார்ந்தாள், பதினொரு மணிக்கு லிஃப்டிலிருந்து ஒரு கேக் வந்தது. மணி அடித்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். தைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"யாரு?"

ஒருவர் அட்டவணையைப் பார்த்து எண்ணைப் படித்தார்.

"நம்பரைக் கேக்கலை. யாரு? ஆம்பளையா, பொம்பளையா? என்ன வேலை பார்த்தாங்க? வீட்டுல யாரு இருக்கா?"

ஒருவருக்கும் தெரியவில்லை. கேக்கைத் தின்றார்கள், ஆனால் சத்தமில்லாமல். அதற்கடுத்த நாளும் அவள் கேட்டாள். அன்றைக்கு ஓரத்து மேஜையிலிருந்த ஒரு பெண் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னாள். "பஸ் டிரைவர்மா. வீட்டுல மனைவி இருக்காங்க. கண்ணு தெரியாதாம்."

"போயிட்டாரா, இருக்காரா?"

"தெரியலைம்மா."

"போன் நம்பர் இருக்குமே. கேட்டுத்தான் பாரேன்."

அந்தப் பெண் ஸ்பீக்கரில் போன் போட்டாள். பஸ் டிரைவரே எடுத்தார். கேக் தட்டுகளோடு நாற்பது பேரும் அவர் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். யார் பேசுவது, என்ன வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் பெண் தட்டைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கழிப்பறைப் பக்கம் ஓடினாள்.

ஆறாம் நாள் தலைவரிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. கேக்கை இனி பதினோராம் மாடியில் வெட்டலாமா என்று ஆராய ஒரு கமிட்டி அமைக்கப்பட்டிருப்பதாக அதில் இருந்தது. எட்டாம் நாள் வந்த முழு கேக் மாலை வரை வெட்டப்படாமல் மேஜையிலேயே இருந்தது. அப்புறம் அதிகாரி மட்டும் ஒரு துண்டு வெட்டித் தன் மேஜைக்குக் கொண்டுபோய் முதுகைத் திருப்பிக்கொண்டு தின்றார்.

ஒன்பதாம் நாள் மாலை, எல்லோரும் கிளம்பிய பிறகு, மெக்கானிக் மனைவியை அழைத்துப் போக வந்திருந்தார். பிரிவு அதிகாரி ஒரு கையில் ஃபைலும் ஒரு கையில் கேக் தட்டுமாக மெதுவாக அவர்களிடம் வந்தார். ஃபைலைப் பிரித்துக் காட்டினார். அவள் வரியில் இருந்த முடிவுக் குறியை அடித்து, முத்திரை வைத்து, கையெழுத்தும் போட்டிருந்தார். அவள் அதை வாங்கி, பூதக்கண்ணாடியை எடுத்து, முதல் வரியிலிருந்து முத்திரை வரைக்கும் படித்தாள். மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். சரியாக இருக்கிறது என்று அவள் தலையாட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அதிகாரி போகவில்லை. அங்கேயே நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இந்த மாசக் கடைசியில நான் ரிட்டயர் ஆறேன்மா" என்றார். "ஆபீஸ்ல குடுத்த திட்டம். நானும் மாசம் ஜாஸ்தி வர்றதைத்தான் எடுத்திருக்கேன். அதுல என் வீட்டுக்காரி பேர் இல்லை. இப்போ சேர்க்கணும்னா நேர்காணல் வைக்கணும்னு சொல்றாங்க. அவ பாட்டி தொண்ணூத்தொம்பது வயசு வரைக்கும் இருந்தவங்க. நிராகரிச்சுடுவாங்கம்மா. எனக்குத் தெரியும், நானே எத்தனை பேரை நிராகரிச்சிருக்கேன்."

அவர் கேக் தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்த இருமல்... அன்னிக்கு எப்படிம்மா வர வச்சீங்க? என் வீட்டுக்காரிக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுப்பீங்களா?"

மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் ஊசியைப் பேண்டில் குத்தி வைத்துவிட்டு அதிகாரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொல்லித் தரேன்" என்றாள். "முதல்ல அந்தக் கேக்கைக் கீழ வைங்க."